பதினேழு ஒன்றுகள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொண்டையை மிச்சம் வைத்திருக்கிறார்களா?

ஆராய்ச்சிக்கு இடம் ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பித்த எல்லோருக்கும் வழிகாட்டப்போகும் கணக்கு சார் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார். ஒன்று என்ற இலக்கத்தைப் பதினேழு முறை வரிசையாக எழுதினால் வருகிற எண். அதைப்பற்றி நாமாகக் கண்டதை ஒரு மாதத்தில் எழுதிக்கொண்டுபோய் விளக்க வேண்டும். கணினியைத் தொடக்கூடாது. லாரியிலிருந்து இறங்கிவந்த என் அப்பா எட்டிப் பார்த்து, "காலேஜ் முடிச்சும் ஒண்ணாங்கிளாஸ்லயே நிக்கறியேம்மா" என்றார்.

ஒரு விஷயம் பிடிபட்டிருக்கிறது அக்கா. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதைப் பதினேழால் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். நிரூபித்துவிட்டேன். அப்படிப்பட்ட எண்களை மட்டும் பத்தாயிரம் வரை போட்டுப் பார்த்தேன். எதுவும் வகுக்கவில்லை. இதுவே ஒரு பகா எண் என்றுதான் முடித்திருக்கிறேன். உங்களைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

உங்கள் தங்கை

மார்ச் 9

என் செல்ல ஊமைக்கோட்டானுக்கு,

வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று நாம் ஒன்றாக இருந்த விடுதியில் உன்னைச் சொன்னார்களே, வந்து பார்க்கட்டும்! நான் விண்ணப்பிக்கவில்லையா என்று என் அம்மா கேட்கிறாள். எனக்கு எதற்கடி அந்த வம்பு? தாள் முழுவதையும் அனுப்பு. ஓட்டை இருந்தால் அடைத்துத் தருகிறேன்.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

உங்களுக்கு அனுப்பிய தாள் திரும்பி வரவில்லை. கையிலிருந்த நகலோடு போனேன்.

சார் ஒரு வரியில் விரல் வைத்தார். "இந்த 419 எப்படி வந்துச்சு? பதினேழால வகுத்தா மீதி ஒண்ணு வரலையே." 409 என்பதைக் கைதவறி எழுதியிருக்கிறேன். அவர் மேஜையிலிருந்த இன்னொரு தாளைப் புரட்டினார். "காலையில வந்தவங்களும் இங்கயே 419 போட்டிருக்காங்க. காப்பியடிக்கிறவங்க தப்பையாவது விட்டுட்டு அடிக்கக் கூடாதா?"

அது உங்கள் கையெழுத்து.

'சார், அது என்னுது' என்று சொல்லாமலே நகலை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் அப்பா சலவைச் சட்டையோடு காத்திருந்தார்.

ஏன் அக்கா?

ஏப்ரல் 10

அன்புத் தங்கைக்கு,

நான் அடைத்த ஓட்டைகளும் அதில் உண்டு. உனக்கு வயது இருபத்தொன்று. எனக்கு அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். நீயும் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாமே? கோபம் ஆறியதும் எழுது. சேர்ந்தே மேலே யோசிக்கலாம். நீ இல்லாமல் எனக்கு ஓடாது என்று உனக்கே தெரியும்.

உன் அக்கா

மே 2

டீச்சருக்கு,

கணினியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை இப்போது எனக்கு இல்லை. இன்டர்நெட் கடைக் கணினியில் மேலும் தேடினேன். இருபது லட்சத்தைத் தாண்டியதும் ஒன்று வகுத்தது. அது பகா எண் இல்லை. நாம் இருவருமே தப்பு.

அதை வகுப்பது எது, என் விதி எங்கிருந்து வந்தது என்று சாருக்கு எழுதிவிட்டேன். அவர் நம்புவாரா, தெரியாது. அந்த எண்ணை உங்களுக்கு எழுதவில்லை. கேட்டு எழுதாதீர்கள்.