முன்சக்கரம் சுற்றாத ஜீப்

தை 5, ஞாயிறு

காலையில் பனி. மலை தெரியவில்லை, கோயில் மணிச் சத்தம் மட்டும் கீழே வந்தது. தண்ணீர் மோட்டார் மக்கர்.

அக்கா வீட்டுக்காரர் பாவா வந்தார், பள்ளிப்பட்டிலிருந்து பைக்கில். அக்காவை அழைத்து வரவில்லை. பதினெட்டு வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற மனிதர் பைக்கில் வந்தபோதே எனக்குச் சந்தேகம். டீயை வாங்கியதும் சொன்னார்.

"வேன வித்துட்டேன் மச்சான்."

தூக்கிவாரிப் போட்டது.

"சென்ன பார்ட்டி மூணு பேரு. ராஜஸ்தான் போயி மணல் மேட்டுல வண்டி ஏத்தி எறக்கணுமாம். நம்ம வேன்ல போனா கதவு வரைக்கும் பொதைஞ்சிடும். ஃபோர் பை ஃபோர் ஒண்ணு எடுக்கலாம்னு கீறேன். ஒத்து வந்துச்சின்னா வருசா வருசம் இதே பொழப்பு. வண்டிய நீதான் பாத்து சொல்லணும். பதினோரு வருசம் பாலைவனத்துல ஓட்டிகினு இருந்தவன். உன்ன விட்டா எனக்கு யாரு கீறாங்க?"

"ஆங், பாத்துடலாம் பாவா" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

கோமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கிளம்பும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு: "பொய் சொன்ன வாய்க்கு போஜனம் கெடைக்காதுன்னுவாங்க. உங்க விசயத்துல தலகீழா கீது."

அவளுக்கு மட்டும்தான் தெரியும். இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். நான் கல்ஃபில் வண்டி ஓட்டவில்லை. பாலைவனத்தில் சுற்றுலாக்காரர்களுக்காகக் கூடாரம் போட்ட முகாம், அதில் சமையல். ஆடு, கோழி, விசேஷ நாளில் ஒட்டகம். இங்கே மலைக்கோயில் மடப்பள்ளியில் அண்ணன். அவருக்கு முன்னால் அப்பா. அதற்கு முன்னால் தாத்தா. கவுச்சி படாத கை என்று எங்கள் வீட்டுக்கு ஊரில் பேர். சைவச் சமையல் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பித்தான் போனேன். முதல் நாளே முழு ஆட்டைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டு, "டிரைவர் வேல குடுத்துட்டாங்க" என்றேன். ஒரு வாரத்தில் சரியாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

ஊர் திரும்பி இரண்டு வருஷம். கிருத்திகைக்குக் கிருத்திகை அண்ணனுக்குக் கை கொடுக்க மடப்பள்ளிக்குள் போகிறேன். தலைக்குக் குளித்துவிட்டுத்தான். குளித்தால் போகிற விஷயமா என்று தெரியவில்லை.

தை 6, திங்கள்

வெயில். மோட்டார் வயரை எலி கடித்திருக்கிறது. சரி செய்தாயிற்று.

பாவா கேட்ட பட்டியல். வண்டியில் பார்க்க வேண்டியவை:

– நாலு சக்கரத்துக்கும் இழுவை. பின்சக்கரம் மட்டும் இழுத்தால் மணலைத் தோண்டிக்கொண்டு உட்காரும்.
– கியர் பக்கத்தில் இன்னொரு சின்ன லிவர். அதில் 'லோ' இருக்கணும். மேடு ஏற அதுதான்.
– வயிறு உயரமாக.
– எடை கம்மியாக. கனத்த வண்டி புதைந்தால் எழாது.
– டயர் அகலம். மணலில் இறங்குமுன் காற்றில் பாதியை விட்டுவிடணும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடிக்கணும். (பம்ப் வாங்க)
– முன்னும் பின்னும் கொக்கி.
– மண்வெட்டி, பலகை 2, தண்ணீர் கேன் 4.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'சூப்பர் மச்சான்', கூடவே கும்பிடு பொம்மை ஐந்து. திரும்பப் படித்தால் எனக்கே நான் ஓட்டினவன் மாதிரி இருக்கிறது. எல்லாம் டிரைவர்கள் சாப்பிடும்போது பேசிக் காதில் விழுந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

கூடாரத்துக்கு வெளியே உஸ் என்று டயர் காற்று விடுகிற சத்தம் கேட்டால் கிளம்பப் போகிறார்கள் என்று அர்த்தம். ரொட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுவேன். பெஷாவர்க்கார டிரைவர் ஒருவர், தினமும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வருவார். முதுகெல்லாம் மணல். தட்டிவிட்டு வாய்யா என்று திட்டுவேன். அடியில் என்ன பார்க்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தை 8, புதன்

சோளிங்கர் ரோடு, பழைய வண்டி யார்டு. பாவா சொன்னபடி வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். கல்யாண மாப்பிள்ளைத் தோழன் மாதிரி போனேன்.

மூன்று வண்டி காட்டினார் யார்டுக்காரர். முதலாவது பெரிய கார், ஏசி ஜோர். கனம் என்று தள்ளினேன். இரண்டாவது பார்க்க ஜம்மென்று உயரமாக, ஆனால் சின்ன லிவர் இல்லை. "இதுக்குப் பின்னால மட்டும்தான் இழுவை" என்றேன். யார்டுக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். பாவா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை. கொஞ்ச நேரம் எனக்கே குளிர்ந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மூன்றாவது பச்சை ஜீப். துணிக் கூரை, எடை கம்மி, வயிறு உயரம், கொக்கி உண்டு, பின்பக்கம் 4x4 ஸ்டிக்கர்.

"லிவர போட்டு பாருங்க சார். கல்ஃப்ல ஓட்னவருக்கு நான் என்னா சொல்றது" என்றார் யார்டுக்காரர்.

போட்டேன். கட்டக் என்று விழுந்தது. "டைட்டா கீது" என்றேன், அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல்.

"நீ ஒரு ரவுண்டு ஓட்டு மச்சான்."

"கண்ணு சரியில்ல பாவா, நீங்களே ஓட்டுங்க." ஒரு பொய்க்கு எத்தனை குட்டி.

ரோட்டில் நன்றாகத்தான் போனது. அடியில் படுத்துப் பார்க்கத் தோன்றியது, அந்தப் பெஷாவர்க்காரர் ஞாபகம் வந்தது. தரையெல்லாம் ஆயில். வெள்ளைச் சட்டை. தவிர, படுத்தாலும் எதைப் பார்ப்பது? "இதையே எடுங்க" என்றேன்.

தை 9, வியாழன்

பனி இல்லை. மலையில் வண்டி பூஜை. மலைப்பாதையில் ஜீப் சிணுங்காமல் ஏறியது. பாவா விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

சந்தனம், மாலை, பூசணிக்காய். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "மொதல்ல நீ நவுத்து மச்சான், உன் கை ராசி" என்றார். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. முகாம் வேலிக்குள் மளிகை ஏற்றும் பிக்கப்பை நகர்த்திய பழக்கத்தில் ஒரு கெஜம் நகர்த்தினேன். நாலு பழமும் நசுங்கின. எந்தச் சக்கரம் இழுத்தது, எது சும்மா உருண்டது என்று எலுமிச்சைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அண்ணன் மடப்பள்ளியிலிருந்து ஈரத் துண்டோடு வந்தார். ஆளுக்கொரு தொன்னை பொங்கல். பாவாவிடம் சொன்னார்: "இவன் கை பட்டா எல்லாம் நல்லா வருங்க. போன கிருத்திகைக்கு இவன்தான் பதம் பாத்தான்." என்னிடம்: "தைக் கிருத்திகைக்கு வந்துடுறா, ஆள் பத்தல."

என் தொன்னையைப் பாவா கையில் கொடுத்துவிட்டேன்.

தை 11, சனி

பள்ளிப்பட்டு போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, நல்ல வறண்ட மணல். ராஜஸ்தானுக்கு முன்னால் ஒத்திகை என்று பாவா ஆசையாக இறக்கினார். காற்றைப் பாதி விட்டோம். உஸ். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு ரொட்டி வாசனை வந்தது.

பத்தடி போனது. பின்சக்கரம் தோண்ட ஆரம்பித்தது. "லிவர போடுங்க." போட்டார். "லோ போடுங்க." போட்டார். நான் வெளியே நின்று பார்க்கிறேன், முன்சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. பின்சக்கரம் மட்டும் மணலை வாரி இறைக்கிறது. அச்சு வரைக்கும் புதைந்தது.

பாவா சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் ஊர்ந்தார். கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு குரல்.

"மச்சான், முன்சக்கரத்துக்கு இழுவ குடுக்கற ஷாஃப்டே இல்ல. கழட்டிட்டு கீறான். லிவரு சும்மா ஆடுது."

டிராக்டர் வைத்து இழுத்தார்கள். கரையில் பாவா முதுகு மணலைத் தட்டக்கூட இல்லை. என்மேல் ஒரு வார்த்தை கோபம் கிடையாது.

"உன்னையே ஏமாத்திட்டான் பாரு. பாலைவனம் பாத்த ஆளையே. நல்ல வேள, இங்கயே தெரிஞ்சிது. அங்க நாப்பது கிலோமீட்டர் உள்ள போனப்புறம் தெரிஞ்சிருந்தா நாலு பேரும் காஞ்சிருப்போம். திங்கக்கெழம அவன உண்டு இல்லன்னு பண்றேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தை 12, ஞாயிறு

வெயில். ஒரு வேலையும் ஓடவில்லை. பாவாவுக்கு மூன்று தடவை போன் போட்டு, மணி அடிக்குமுன் கட் செய்தேன். நாலாவது தடவை கட் செய்யுமுன் அவர் எடுத்து, "என்னா மச்சான்?" என்றார். "பம்ப் வாங்கியாச்சா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

கோமதி: "ஆட்ட அறுக்க பயப்படல. இதுக்குப் போயி பயப்படறீங்க."

தை 13, திங்கள்

யார்டு.

யார்டுக்காரர் பதறவில்லை. "பழைய ஓனரு டீசல் மிச்சமாவும்னு கழட்டி வச்சாரு. ஷாஃப்ட் உள்ளதான் கீது, எடுத்துகினு போங்க. நான் சொல்லாதது தப்புதான். ஆனா நான் மறைக்கல சார். இவரு குனிஞ்சா தெரிஞ்சிருக்குமே."

"ஏய், என் மச்சான் பாக்காம இருப்பானா? பதினோரு வருசம் ஓட்னவன்யா. நீ அன்னிக்கி ஏதோ கட்டி மறைச்சிட்டு, இன்னிக்கி அவுத்துகினு பேசற." பாவா அவர் சட்டைக் காலரில் கை வைத்துவிட்டார்.

அந்தக் கையைப் பிடித்தேன்.

"பாவா, அவரு மறைக்கல. நான் குனியவே இல்ல. குனிஞ்சாலும் எனக்குத் தெரியாது. நான் அங்க வண்டி ஓட்டல. சமைச்சேன்."

பாவா கை தளர்ந்தது. யார்டுக்காரர் காலரை நீவிவிட்டுக்கொண்டு மெல்ல நகர்ந்து போனார், பாவம், நாகரிகமான ஆள்.

"என்னா சமைச்ச?" என்றார் பாவா.

"ஆடு. கோழி. ஒட்டகம்."

பாவா உள்ளே போனார். ஷாஃப்டைத் தோளில் தூக்கி வந்து ஜீப்பில் போட்டார். "ஏறு." கே.ஜி.கண்டிகையில் நிறுத்தி இரண்டு டீ சொன்னார். என்னுடையதை என் பக்கம் தள்ளினார்.

"நான் வேன வித்துட்டேன்டா" என்றார்.

அக்கா கல்யாணத்திலிருந்து இதுவரை என்னை 'டா' போட்டதில்லை.

தை 15, புதன்

மேகம். மழை இல்லை. பாவா போன்.

"ஷாஃப்ட் மாட்டியாச்சி. ஆத்துல எறக்கினேன், ஆடு மாதிரி ஏறுது. நீ குடுத்த லிஸ்ட் சரிதான், அதுல ஒண்ணும் கொற இல்ல." கொஞ்சம் நிறுத்தி: "பார்ட்டி கேட்டாங்க, டென்ட் போட்டா சமைக்க ஆள் உண்டான்னு. உண்டுன்னுட்டேன். கறி வேணுமாம். வரியா?"

"அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லிட்டு வா. சொல்லலன்னா வராத. மறைக்கிற ஆள பக்கத்துல ஒக்கார வச்சிகினு அவ்ளோ தூரம் ஓட்ட என்னால ஆவாது."

தை 17, வெள்ளி

நாளை தைக் கிருத்திகை. காவடிக் கூட்டம் இன்றைக்கே. ரோட்டு வழியாகப் போகாமல் படி ஏறினேன். முந்நூற்று அறுபத்தைந்து. பாதியில் இரண்டு தரம் திரும்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அண்ணன் பெரிய அண்டாவில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார். "உள்ள வாடா, கிளறு." நான் வாசற்படியிலேயே நின்றேன். நின்றபடியே சொல்லி முடித்தேன். நாலு வாக்கியம்தான். பதிமூன்று வருஷமாக நாலு வாக்கியத்துக்குப் பயந்திருக்கிறேன்.

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாகு அடிப்பிடித்துவிடும்.

"அந்தக் கையோடவா இங்க ரெண்டு வருசமா?"

"ஆங்."

"போன கிருத்திகைக்கும்?"

"ஆங்ணா."

வெகு நேரம் கிளறினார். பிறகு, என்னிடம் இல்லை, அண்டாவிடம் சொல்கிற மாதிரி: "போன மாசம் பொங்கல் நல்லா இருந்துச்சின்னு ஜனங்க சொல்லிகினு போனாங்க. எந்தம்பி பதம்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"கீழ போடா" என்றார். கோபமாகக் கூட இல்லை.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டே படி இறங்கினேன். எதிரே காவடி வந்தபோதும் கும்பிடக் கை வரவில்லை.

தை 19, ஞாயிறு

விடியல். நல்ல பனி. பாவா ஐந்தரைக்கே வந்து ஹாரன்.

பம்ப் – உண்டு. மண்வெட்டி – உண்டு. பலகை 2 – உண்டு. கேன் 4 – உண்டு. மசாலாப் பெட்டி – உண்டு. காலை கிளம்புமுன் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஷாஃப்ட் இருக்கிறது. முதுகெல்லாம் மண்.

விட்டுப் போனது: முகாமிலிருந்து கொண்டுவந்த கறிக் கத்தி. கோமதி எடுத்து வந்தாள், பழைய துண்டில் சுற்றி, இரண்டு வருஷமாக யார் கண்ணிலும் படாமல் வைத்த பழக்க தோஷம். மேலே மலையில் மணி அடித்தது. அண்ணன் அடுப்பு மூட்டியிருப்பார்.

"துணி வேணாம்" என்றேன். "அப்டியே குடு."