சாருக்குப் பாராட்டு விழா

கூத்தாநல்லூர்,
ஏப்ரல் 24

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு,

உன் ஹமீதா பானு டீச்சர் எழுதுவது. இறைவன் அருளால் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, சின்னவள் மூவரும் நன்றாக இருக்க துஆ செய்கிறேன். மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே வெயிலுக்குக் காலை எட்டு மணிக்கே தெரு வெறிச்சோடிவிடுகிறது.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ “எப்படி இருக்கீங்க டீச்சர்” என்பாய், நான் “நல்லா இருக்கேம்மா” என்பேன். அதற்கப்புறம் நல்லதல்லாத எதையும் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் தாளில் எழுதி, படம் எடுத்து உன் வாட்ஸப்புக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

முதலில் நல்ல செய்தி. இந்த வருடக் கோடைப் பாசறையின் கடைசி நாளில் பாராட்டு விழா வைத்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் சாரணர் பணி செய்தவர்களுக்குச் சால்வை, கேடயம். சமையல் செல்லதுரை அண்ணனுக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் விழாவே உன் அப்பாவுக்காகத்தான், எங்கள் ரெங்கசாமி சாருக்காக. எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் கூடாரம் அடிக்கவும் முடிச்சுப் போடவும் பயமில்லாமல் இருட்டில் நடக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்! இப்போது போலீஸ் அதிகாரியாக இருப்பவன், துபாயில் இருப்பவன், அரிசி ஆலை வைத்திருப்பவன் என்று எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது நான் எழுத வந்தது.

சென்ற மாதம் பாசறைக் குழுக் கூட்டம் பூதலூரில் நடந்தது. சார் வந்தார், உட்கார்ந்தார், எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். “இளஞ்செழியன் எங்க, இன்னும் வரலியா?” என்று கேட்டார். இளஞ்செழியனை உனக்கு நினைவிருக்கும். கூடாரச் சாமான்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர், கொரோனாவில் போய்விட்டார். ஆளே இல்லாமல் நடந்த அவருடைய இறுதிச் சடங்குக்கு, தடுத்தும் கேளாமல் போய் நின்றவர் உன் அப்பா. சார் ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் வாசலைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா காபி கொடுத்தார்கள், உன் சின்னவளின் போட்டோவைக் காட்டினார்கள். மெல்லப் பேச்சை எடுத்தேன். “அவருக்கு ஒண்ணுமில்ல டீச்சர். வெயிலு. சுகர் கொஞ்சம் ஏறி இறங்குது, அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டார்கள். கொல்லைக் கொடியில் சாரின் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காலரின் உட்பக்கம் சிவப்பு நூலில் ஏதோ தைத்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். உன் அம்மாவின் போன் நம்பர். நான் பார்த்ததை உன் அம்மா ராஜாத்தி அக்காவும் பார்த்துவிட்டார்கள். சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

செயலாளர் மதிவாணனிடம் சொன்னேன். உன் அப்பாவிடம் அரை டிராயரோடு வந்து சேர்ந்தவன், இன்று பாசறைக் குழுவே அவன் கையில். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. “அதுக்காகத்தான் டீச்சர் இந்த விழாவே. சால்வையப் போட்டு, கால்ல விழுந்து கும்பிட்டு, மரியாதையா வீட்டுக்கு அனுப்பிடலாம். அன்னைக்கு மேடையிலயே ஓய்வுன்னு அறிவிச்சிடறேன். அதுவரைக்கும் அவரு மனசு நோகக் கூடாது, யாரும் வாயத் தொறக்காதீங்க” என்றான். சாருக்கு இது ஓய்வு விழா என்பது தெரியாது.

பாசறை வழக்கம்போல் கொள்ளிடக் கரைத் தோப்பில்தான். ஆனால் நீ பார்த்த கொள்ளிடம் இல்லை அது. மணல் அள்ளிய பள்ளங்கள் அங்கங்கே. கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம்போல இருக்கும், விளிம்பில் கால் வைத்தால் மணல் பொலபொலவென்று உள்ளே சரியும். போன வருடம் ஒரு கன்றுக்குட்டி போயிற்று. அதனால் பிள்ளைகளைத் தனியாக அழைத்துக்கொண்டு போகும் வேலை எதையும் சாருக்குக் கொடுக்காதே என்றேன். மதிவாணன் தலையை ஆட்டினான்.

நீ அப்பாவிடம் ஒருமுறை நிதானமாகப் பேசிப் பார். வீடியோவில் பேசு. அம்மா இடையில் எடுத்துக் கொடுக்காமல் அவரே பதில் சொல்லட்டும்.

உன் குடும்பத்துக்கு எல்லா நலமும் கிடைக்க வேண்டுகிறேன்.

உன்,
ஹமீதா டீச்சர்


கூத்தாநல்லூர்,
மே 27

பிரகதீஸ்வரி கண்ணு,

நீ அம்மாவிடம் பேசியதையும் அம்மா ஒன்றுமில்லை என்று சொன்னதையும் எழுதியிருந்தாய். டீச்சர் வீணாகக் கவலைப்படுகிறார்கள் என்று நீ நினைத்ததில் தப்பில்லை. பாசறையின் முதல் நாட்களில் நானே அப்படித்தான் நினைத்தேன்.

அவ்வளவு நன்றாக இருந்தார். கொடியேற்றினார். ராத்திரி நெருப்பைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்ததும் பழைய பாட்டுகளை ஒரு வரி விடாமல் பாடினார். வீட்டு நினைவில் அழுத பையனை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். என் தங்கை ஜன்னத் பீவியின் பேரன் ஆஸிமை இந்த வருடம்தான் முதன்முதலாகக் கூட்டிப்போயிருந்தேன். இரண்டே நாளில் அவன் சாரின் நிழலாகிவிட்டான். கிழவிக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விழா நாள் காலை. ஆற்றங்கரையில் கல்லாலும் குச்சியாலும் அடையாளம் போட்டு வைத்து, அதைப் பார்த்துப் பிள்ளைகள் வழி கண்டுபிடிக்கும் பயிற்சி இருந்தது. அதற்கு இளைய ஆசிரியர் பரிதியைப் போட்டிருந்தார்கள். மேடைப் பந்தல் ஒருபக்கம் சாய்கிறது என்று மதிவாணன் பரிதியைக் கூப்பிட்டுக்கொண்டான். “நான் கூட்டிக்கிட்டுப் போறேன், நீ போ” என்று சார் சொல்லியிருக்கிறார். பந்தல் முழுக்க அவர் படம். அன்றைக்கு அவரிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நான் சாரணியர்களுக்கு வரவேற்புப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனது எனக்குத் தெரியாது.

வெயில் உச்சிக்கு ஏறும் நேரம். கரைமேல் ஒருவர் தனியாக நடந்து வருவது தெரிந்தது. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். சார்தான். செல்லதுரை அண்ணன் நீட்டிய மோரை வாங்கிக் குடித்தார், நாற்காலியில் உட்கார்ந்து கால் ஷூவைத் தளர்த்தினார். அப்போதுதான் பரிதி என்னிடம் வந்து, பசங்களைக் காணோமே என்றான்.

நான் சாரிடம் போனேன். “பசங்க எங்க சார்?”

“எந்தப் பசங்க?”

அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை, கண்ணு. “எல்லாரும் சாப்பிட்டாச்சா ஹமீதாம்மா?” என்று அன்போடு கேட்டார்.

பரிதி கரையில் ஓடினான். செல்லதுரை அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு மொபெட்டை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கரையிலிருந்து பார்த்தால் ஆறு முழுக்க வெள்ளை வெளேரென்று மணல்தான். கண் கூசுகிறது. எத்தனை கூப்பிட்டும் பதிலில்லை. பள்ளங்களைத் தாண்டி நடு ஆற்றில் ஒரு திட்டு இருக்கிறது. அங்கே ஒரு வரிசையாக ஏதோ நிறம் தெரிந்தது. பிள்ளைகளின் கழுத்துத் துணிகள். துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு, ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். நிழலென்று ஒரு செடிகூட இல்லை.

கிட்டப் போனேன். ஒருவனும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஆஸிமின் உதடு வெடித்திருந்தது, சட்டையெல்லாம் சேறு. “ஏண்டா, எந்திரிச்சு வந்திருக்கக் கூடாதா?” என்று கத்தினேன். “சார் விசில் அடிக்கிற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சொன்னாங்க டீச்சர்” என்றான்.

சட்டை ஏன் சேறு என்பதைக் குடம் காலியான பிறகுதான் சொன்னார்கள். தாகம் தாங்காமல் ஆஸிம் தொப்பியில் தண்ணீர் மொள்ளப் பள்ளத்துக்குப் போயிருக்கிறான். விளிம்பு சரிந்து உள்ளே போய்விட்டான். மற்றவர்கள் கழுத்துத் துணிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வீசி இழுத்திருக்கிறார்கள். இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அந்த முடிச்சு அவிழாமல் காத்ததும் உன் அப்பா சொல்லிக்கொடுத்ததுதான். இதை நான் எந்தக் கணக்கில் வைப்பது, சொல்.

எல்லோரையும் தோப்புக்குக் கொண்டுவந்தோம். படுத்திருந்த இருவரையும் பரிதி திருக்காட்டுப்பள்ளிக்குக் கூட்டிப்போய்க் குளுக்கோஸ் ஏற்ற வைத்துச் சாயங்காலம் திரும்பினான். மதிவாணனிடம் சொன்னபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “எல்லாப் பசங்களும் வந்தாச்சுல்ல டீச்சர்? இன்னைக்கே முடிச்சு வெச்சிடறேன். மேடையில அறிவிச்சிட்டா எல்லாம் சரியாயிடும்” என்றான்.

விழா நடந்தது. செல்லதுரை அண்ணன் சால்வையை வாங்கியதும் அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் போர்த்தினார்கள். பிறகு சார் எழுந்து பேசினார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நான் எதிர்வரிசையில் உன் அம்மாவைப் பார்த்தேன். சார் பேசப் பேச ராஜாத்தி அக்காவின் உதடுகளும் சத்தமில்லாமல் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. எத்தனை நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்களோ.

மதிவாணன் மைக்கை எடுக்கும் முன்னால் அந்த அரிசி ஆலைக்காரர் எழுந்துவிட்டார். சாரின் பேச்சில் அழுதிருந்தார் அவர். “இந்த மனுஷன் இருக்கிற வரைக்கும் இந்தப் பாசறைக்கு இவருதான் தலைவர், வேற பேச்சே கிடையாது” என்றார். வருகிற காலாண்டு லீவில் தரங்கம்பாடிக் கடற்கரையில் பெரிய பாசறை, இந்த ஜில்லா மட்டுமில்லாமல் பக்கத்து ஜில்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, முழுச் செலவும் தன்னுடையது, நடத்துவது ரெங்கசாமி சார் என்றார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஆற்றில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் தட்டினார்கள். மதிவாணனும் தட்டினான். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, இன்னொரு கையால் அதன்மேல் தட்டினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இனிமேல் யாரை நம்புவது? நானே சாரிடம் போனேன். ஜனமெல்லாம் கலைந்த பிறகு, அவரும் நானும் மட்டும். காலையில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். பிறகு ஆஸிமைக் கூப்பிட்டு அவன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். “நானா? நானா விட்டுட்டு வந்தேன்?” என்றார். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இனிமே நான் வரல ஹமீதாம்மா. என்னை எந்தப் புள்ளையோடவும் தனியா விடாதீங்க. சத்தியமா சொல்றேன்” என்று அழுதார். நானும் அழுதேன். பயங்கரமான அந்த நாள் ஒருவழியாக முடிந்தது என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நீடாமங்கலம் வருவதற்குள் போன் வந்தது. சார்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “ஹமீதாம்மா, தரங்கம்பாடிக்குப் பசங்க பேரு வந்துகிட்டே இருக்கு. நீங்க எப்ப வர்றீங்க? ஒக்காந்து திட்டம் போடணும்” என்றார்.

நான் மறுபடியும் சொன்னேன், பஸ்ஸில் எல்லோரும் கேட்க. மறுபடியும் அதே கோபம், அதே “நானா?” அதே அழுகை. நேற்றும் போன் வந்தது. நேற்றும் சொன்னேன். நல்ல மனிதர், கண்ணு. சொல்லும்போதெல்லாம் ஒத்துக்கொள்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறை. ஒரு மனிதரை இத்தனை தடவை உடைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒருநாள் நான் சொல்லாமல் விட்டால், அன்றைக்கு என்ன ஆகும்?

மதிவாணன் இப்போது என் போனை எடுப்பதில்லை. தஞ்சாவூரில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டதாம். ஆஸிமின் பெயரையும் அவன் வாப்பா கொடுத்துவிட்டார். நான் தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சொல்லத்தான் போகிறேன். ஜன்னத்திடம் இன்று ராத்திரி சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் ஊரெல்லாம் பேசும். பெற்றவர்கள் உன் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளின் நடுவில் உன் அப்பா தனியாக, என்ன நடந்ததென்றே தெரியாமல் நிற்கக் கூடாது. அதற்கு முன்னால் நீ வர வேண்டும். அம்மா யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்கும் அழ ஓர் ஆள் கிடைக்கும். டாக்டரிடம் கூட்டிப்போவதோ, ஆலைக்காரரிடம் பேசுவதோ, மகள் செய்தால் அது குடும்பத்தின் முடிவு. நான் செய்தால் பழி.

லீவு இல்லை, டிக்கெட் விலை அதிகம், சின்னவளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். வா. திருச்சியில் விடியற்காலை வந்து இறங்கும் விமானமாகப் பார்த்து எடு. பகல் ஏற ஏறத்தான் அவருக்கு முகங்கள் கலைகின்றன. காலை வேளைகளில் இன்னும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

படைத்தவன் உன் பயணத்தைச் சுலபமாக்கட்டும். நீ வரும்வரை அந்தப் பிள்ளைகளையும் உன் அப்பாவையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
ஹமீதா டீச்சர்