மிச்சக் காற்று

அன்புள்ள அம்மாவுக்கு, ஃபியக்ரா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஈஸ்டருக்கு வீடு வர விடுப்புக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை எங்கள் ராணுவ பேக்பைப் குழு கார்க் நகரத் தெருவில் வாசித்துப் போகையில் ஒரு சவ ஊர்வலம் எதிரே வந்தது. மரியாதைக்காக எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்தினோம். என் பேக்பைப்பின் தோல்பையில் மட்டும் மிச்சமிருந்த காற்று ஊளையிட்டு ஓய்ந்தது.

“ஈஸ்டரை மறந்துடுடா,” என்று பல்லைக் கடித்தார் குழுத்தலைவர் மல்லாக்கி.

இறந்தவரின் மனைவி திரும்பினார். “பையனை விடுங்கய்யா. காலையிலேருந்து என் புருஷனுக்காக அழுதது அது ஒண்ணுதான்.”

மல்லாக்கி இன்னும் முடிவு சொல்லவில்லை. அவர் அறை வாசலில் நடந்து நடந்தே பூட்ஸைத் தேய்க்கிறேன். தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி வையுங்கள். தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

ஃபியக்ரா