முன்னறையின் பரப்பளவு

அக்கா,

இன்று மன்னார் பட்டினத்தில் வீட்டுத் தரைக்குக் கல் வாங்கப் போயிருந்தேன். "எத்தனை சதுர அடி வேணும், ரீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஒரு பெட்டியைக் கிழித்தார். புது அட்டையின் மணம் வந்தது. கல்லை விட்டுவிட்டு அந்த அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகு அந்த மணம் என்னை இப்படிப் பிடித்து நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில் எங்கள் பள்ளிக்கூடம் கடற்கரை மணலில் ஒரு தகரக் கொட்டில். தமிழ்நாட்டு அகதி முகாமில் பின்னேர வகுப்பு நடத்திய பழக்கத்தோடு, சம்பளம் இல்லாத தொண்டர் ஆசிரியராக நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். என் வகுப்புக்கும் உங்கள் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒருநாள் நான் கரும்பலகையில் பரப்பளவுக்கு நீளம் பெருக்கல் அகலம் என்று எழுதி, பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் பாட்டாகச் சொன்னார்கள். கணக்கைக் கொடுத்ததும் பாதிப்பேர் நாலு பக்கத்தையும் கூட்டி வைத்தார்கள்.

நீங்கள் மெல்ல வந்து, "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நாளைக்கு ஒருக்கா என்னட்ட விடுங்கோ" என்றீர்கள்.

மறுநாள் நிவாரணச் சாமான் வந்த பெட்டிகளை ஓரடிக்கு ஓரடியாக வெட்டிக் கொண்டுவந்தீர்கள். வெளியே மணலில் பத்து அடி நீளம், பத்து அடி அகலத்தில் கோடு கீறி, இடைவெளி விடாமல் அடுக்கச் சொன்னீர்கள். சோளகக் காற்று சும்மா விடுமா? அட்டைகள் பறக்க, பிள்ளைகள் துரத்திப் பிடித்து ஒவ்வொன்றிலும் கல் வைத்தார்கள். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியவர்கள் நடுவில் பிழைவிட்டுத் திரும்ப எண்ணினார்கள். அப்போது முகாமில் பிறந்த ஜெனிற்றா, "ஏன் எல்லாத்தையும் எண்ணுறியள்? ஒரு வரிசையில பத்து. பத்து வரிசை கிடக்கு. நூறு!" என்றாள். சொன்ன கையோடு அதற்குள் நடந்து போய், "ரீச்சர், இது எங்கட முகாம் வீடு!" என்று கத்தினாள். அம்மா சமைக்கும் மூலை இது, அப்பா படுப்பது இங்கே, குளிக்க மறைப்புக் கட்டும் சேலை அங்கே என்று காட்டிக்கொண்டே போனாள். முகாமிலிருந்து வந்த மற்றப் பிள்ளைகளும் உள்ளே போய், தங்கள் வீட்டில் எப்படிப் படுப்பார்கள் என்று படுத்துக் காட்டினார்கள்.

அடுத்த நாள் காலை ஜெனிற்றாவின் தாய் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "அந்தக் கோழிக்கூட்டை மறக்கத்தான் கடல் கடந்து வந்தனாங்கள். நீங்கள் அதைக் கீறிப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறியளோ?" என்று கேட்டார்.

நீங்கள், "நானும் அதுக்குள்ளதான் வளர்ந்தனான். கொஞ்சம் இருங்கோ, இண்டைக்கு மற்ற வீட்டைக் கீறப்போறம்" என்று சொல்லி அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டீர்கள்.

அவர்களுக்குக் கிடைக்கவிருந்த அரசாங்க வீட்டுத்திட்ட வீடுதான் அது. இருபத்தைந்து அடிக்கு இருபது. பிள்ளைகள் அடுக்கினார்கள். நாலு வரிசையோடு அட்டை தீர்ந்துபோனது.

"முடிஞ்சுது, ரீச்சர்!"

"முடியட்டும். ஒரு வரிசையில எத்தனை? இப்பிடி எத்தனை வரிசை வேணும்? மிச்சத்தை மனசில அடுக்குங்கோ."

பெருக்கலை முதலில் முடித்தது ஜெனிற்றாதான். "ஐந்நூறு! அம்மா, எங்கட பழைய வீடு மாதிரி அஞ்சு!" தாய் எழுந்து வந்து வெறும் மணலில் கீறிய கோட்டைச் சுற்றி நடந்தார். பிறகு, "அடுப்பு வைக்கிற குசினி எந்தப் பக்கம் வரும்?" என்று உங்களிடம் கேட்டார்.

அன்று பின்னேரம், அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டேன். உங்கள் காணி அப்போதும் படையினரின் முட்கம்பி வேலிக்குள் இருந்தது. காணியைக் காட்ட முடியாதவர்களுக்கு வீட்டுத்திட்டமும் இல்லை. அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தீர்கள். "வேலியை எடுக்கட்டும், பாருங்கோ. எங்கட முன்னறையில ஏழெட்டுப் பேர் ஓடிப்பிடிச்சு விளையாடுவம். அவ்வளவு பெரிசு" என்றீர்கள். அதன் பிறகும் எத்தனையோ தரம் சொன்னீர்கள். சொல்லும்போதெல்லாம் உங்கள் கைகள் அகல விரியும்.

ஒரு தவக்காலக் காலையில், பூசைக்குப் புறப்பட்ட இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டீர்கள். எழும்பவேயில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சில மாதங்களில் வேலியைப் பின்னுக்கு எடுத்தார்கள். சில மாதங்கள்தான், அக்கா. அதை நினைத்தால் இப்போதும் யாரோடு கோபப்படுவது என்று தெரியவில்லை.

உங்கள் அண்ணன் என்னையும் காணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடைமரமும் நாயுருவியும் வெட்டி ஒதுக்கியபோது வீட்டின் அத்திவாரம் மட்டும் தெரிந்தது. அளவுநாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன். முன்னறை ஒன்பது அடிக்குப் பதினொன்று. நான் பிழையாகப் பிடித்தேனோ என்று திரும்பவும் அளந்தேன். மாறவில்லை. முகாம் வீட்டின் நூறு சதுர அடிக்கும் ஒன்று குறைவு.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியும், ரீச்சர். இந்தியாவுக்கு வள்ளம் ஏறேக்க அவவுக்கு ஆறு வயசு. அந்த வயசுக் காலுக்கு அது பெரிசுதானே. நான் ஒருநாளும் அவவிட்ட சொல்லேல்லை" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

நான் அந்த அறைக்குள்ளேயே நின்றேன். நீங்கள் இதைக் காணாமல் போனது நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணமே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். நீங்கள் வந்திருந்தால் நாடாவை என் கையிலிருந்து வாங்கி நீங்களே அளந்திருப்பீர்கள். அது நிச்சயம். அளந்து முடித்ததும் சிரித்திருப்பீர்களா, அந்த அத்திவாரக் கல்லில் குந்தியிருந்து அழுதிருப்பீர்களா? சுவர் இல்லாத கொட்டிலில் இத்தனை வருடம் உங்கள் பக்கத்தில் நின்று படிப்பித்தவள் நான். எனக்கு அது தெரியவில்லை. தெரியாததோடுதான் இருக்கிறேன்.