கழித்த கடலை

ம்சிஞ்சி,
4 ஜூன் 1996

அன்புள்ள டாக்டரம்மா,

இங்கே எல்லோரும் சுகம். போன வருஷ அறுவடையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, எங்கள் மகளிர் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் நிலக்கடலை வாங்கிப் பையில் பெயரெழுதிக் கொண்டுபோனீர்கள். மழைக்கு முன் வந்து ஆராய்ச்சி முடிவைச் சொல்வதாகச் சொன்னீர்கள். மழையும் போய் அடுத்த அறுவடையும் ஆயிற்று. "டாக்டரம்மாவுக்கு நம்ம ஊர் வழி மறந்துபோச்சா?" என்று என்னைத்தான் கேலி செய்கிறார்கள். ஒரு வரி எழுதினாலும் போதும்.

எனெலெசி,
சங்கச் செயலாளர்

லிலோங்வே,
30 ஜூன்

அன்புள்ள எனெலெசி அக்கா,

மன்னியுங்கள். நூற்றெழுபது விடைத்தாள், ஆறு மாணவர்களின் ஆய்வேடு, பதவி உயர்வு விண்ணப்பம் என்று மூச்சுவிட நேரமில்லை. நம் கடலை ஆய்வு வெளிநாட்டு ஆய்விதழில் வந்துவிட்டது. உங்களுக்கு அவசரமாக எழுத மனம் வரவில்லை. படங்களோடு ஒரு முழு நாள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். செப்டம்பரில் கட்டாயம் வருகிறேன்.

லிண்டிவே

ம்சிஞ்சி,
9 ஆகஸ்ட்

அன்புள்ள டாக்டரம்மா,

ஆய்விதழில் வந்ததென்று சொன்னதும் எல்லோரும் குலவையிட்டோம். உங்கள் மகளுக்கு நிலக்கடலை மாவுக் கஞ்சி என்றால் உயிர் என்றீர்களே. ஆளுக்கு இரண்டு கை, பருத்த பருப்பாகப் பொறுக்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறோம். சூம்பியதும் கறுத்ததும் வழக்கம்போல் இடித்து எங்கள் பிள்ளைகளின் கஞ்சிக்குப் போயிற்று. ஒன்றும் வீணாகவில்லை.

எனெலெசி

லிலோங்வே,
12 ஆகஸ்ட்

எனெலெசி அக்கா,

இதைப் பஸ் ஓட்டுநர் கையிலேயே கொடுக்கிறேன். அந்தக் கஞ்சியை இன்றே நிறுத்துங்கள். சூம்பிய, கறுத்த கடலையில் பூஞ்சை விஷம் இருக்கிறது. வேகவைத்தாலும் போகாது. ஈரலைக் கெடுக்கும், பிள்ளைகளை வளரவிடாது. கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள்.

ஆய்வின் முடிவு இவ்வளவுதான். போன நவம்பரிலேயே எனக்குத் தெரியும். நீங்கள் அனுப்பிய பையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, அக்கா.

லிண்டிவே

ம்சிஞ்சி,
20 ஆகஸ்ட்

டாக்டரம்மா,

கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. கழித்ததையெல்லாம் புதைத்தோம். யாரும் உங்களைத் திட்டவில்லை. தெலேசா மட்டும், மூன்று வயதாகியும் எடை ஏறாத மகனை மடியில் வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா? இதுக்கா ஒரு முழு நாள் தேடிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டாள்.

செப்டம்பரில் வரும்போது படம் எதுவும் வேண்டாம். தெலேசா இருப்பாள், அவளிடம் பேசுங்கள்.

அந்தப் பையைப் பிரித்து மகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுங்கள். அது நல்ல கடலை. நாங்கள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது.

எனெலெசி