சுவருக்கு இந்தப் பக்கம்

1957 நவம்பர் 24, ஞாயிறு

மதுராந்தகம் ஸ்டேஷனில், ரயிலுக்கு வழிவிடும் டோக்கன் பெட்டியின் மணி அடிக்கவில்லை என்று காலை ஏழு மணிக்கே தகவல். உதவியாள் வரதனும் நானும் தண்டவாள டிராலியில் போனோம். சுருளில் ஒரு கம்பி அறுந்திருந்தது. மாற்றினேன், அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் காப்பி கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

செங்கல்பட்டு திரும்பும்போது மணி நாலு. ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் பேண்டு நடந்துகொண்டிருந்தது. காலனியின் சட்டைக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் ஆடுவார்கள். பெரம்பூரிலிருந்து 'நைட் மெயில்' என்கிற பேண்டு வந்து ராக் அண்டு ரோல் வாசிக்கும். என் குவார்ட்டர்ஸ் வரைக்கும் பாட்டு வராது. டும் டும் மட்டும் வரும்.

பொன்னி போய் நாற்பத்தாறு நாள்.

அந்த டும் டும்முக்கு அவள் ஒரு பாட்டு முனகுவாள். அரிசி களையும்போது, பின்னல் பிரிக்கும்போது. வார்த்தை கிடையாது, வெறும் ம்ம் ம்ம்தான். இன்றைக்கு முனகிப் பார்த்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி எங்கே ஏறும்?

ஏறுமா, இறங்குமா?

நவம்பர் 25

வரவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

எழுதி வைக்கிறேன். இதுவும் போய்விட்டால்?

இந்த மே மாதம். கொளவாய் ஏரிப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பினோம். இன்ஸ்டிடியூட்டின் பின் சுவர் வழியாக வரும்போது உள்ளே பேண்டு. பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஜன்னலையெல்லாம் சாத்தித் திரை போட்டிருந்தார்கள். பொன்னி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். சுவரில் காது வைத்தாள். "செவுரு துடிக்குது பாருங்க" என்றாள். அதிலிருந்து ஒரு ஆட்ட ஞாயிறு தப்பியதில்லை. நாலு மாதம், நாலு தடவை. சுண்ணாம்பு காதில் ஒட்டியிருக்கும். நான் துடைத்துவிடுவேன்.

செப்டம்பரில் கேட்டாள். "ஒரு தபா உள்ள போயி பாக்கலாமா?"

நான் சொன்னது: "சட்டக்காரங்க ஆடுற எடத்துல நமக்கு இன்னா வேல? சத்தம் சத்தந்தான். உள்ள நின்னாலும் வெளிய நின்னாலும் ஒண்ணுதான். செவுரு இன்னா பாட்ட திங்குமா?"

அவள் சிரித்தாள். நம்பினாள். நான் படித்தவன், எலக்ட்ரிகல் டிப்ளமா. சத்தத்தைப் பற்றி நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த மாதக் கடைசியில் காய்ச்சல், பதினோரு நாள். அவ்வளவுதான்.

நேராக உள்ளே போய் அந்தப் பாட்டைக் கேட்டுவிட வேண்டும். ஒரு தடவை முழுசாகக் கேட்டால் இரண்டாவது வரி வந்துவிடும்.

1958 ஜனவரி 5, ஞாயிறு

போனேன். கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டு, வெள்ளைச் சட்டை. வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

"லேடி எங்கே?"

"தனியாத்தான் வந்தேன்."

"சிங்கிள் நாட் அலவ்ட். ஜோடிக்குத்தான் டிக்கெட்டு."

தனி ஆண்கள் உள்ளே வந்தால் சண்டை வருமாம். அதனால் சட்டம். நான் ஆட வரவில்லை, ஒரு ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றான்" என்றார். எனக்குப் பின்னால் ஒரு ஜோடி காத்துக்கொண்டிருந்தது. ஒதுங்கினேன்.

லேடி எங்கேன்னு கேட்டா இன்னான்னு சொல்றது நான்?

ஜனவரி 9

அச்சரப்பாக்கத்திலிருந்து சின்னப்பொண்ணு அக்கா வந்தாள். கையில் புளிப்பானை, வாயில் சண்டை.

"இன்னாடா இது? பொஞ்சாதி போயி ஒரு பொங்கலு கூட வர்ல. நீ டேன்ஸு பாக்கப் போனியாமே?"

"யாரு சொன்னா?"

"வரதன்தான். பேண்ட்டெல்லாம் மாட்டிகினு போனியாம். ஊரே பாத்துகினு கீது. வருஷம் திரும்பற வரிக்கும் கோயிலுக்கே போவக்கூடாது, இவுரு கூத்துக்குப் போறாரு!"

ஒரு பாட்டைத் தேடுகிறேன் என்றால் அக்காவுக்குப் புரியுமா? பிறகு அவளே உட்கார்ந்து ரசம் வைத்தாள். "துன்னுடா. எலும்பா கீறே" என்றாள். சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று கேட்டாள். நாக்கில் எதுவும் தெரியவில்லை. இருந்தது என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பொன்னியின் புடவைகளை அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே ரோஸ் கலர் அட்டை ஒன்று. இன்ஸ்டிடியூட் முத்திரை. 'ஜோடி ஒன்று.' தேதி, 1957 அக்டோபர் 13.

அவள் போனது ஒன்பதாம் தேதி.

பதின்மூன்றாம் தேதி வீட்டுக்கு முன்னால் பந்தல் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் டும் டும் வந்தது. யாரோ போய் நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

இந்த டிக்கெட்டு எப்படி வந்தது? அவளுக்கு யார் கொடுத்தது?

பிப்ரவரி 17

பின் வரிசையில் இருக்கும் மார்கரெட்டைக் கேட்டேன். ரயில் கார்டின் மனைவி. ஐம்பது வயது இருக்கும், பெரிய உருவம். இன்ஸ்டிடியூட்டில் மாதாமாதம் டிக்கெட்டு விற்பது அவள்தான். அட்டையைக் காட்டியதும் கையிலிருந்த மாவை முந்தானையில்—இல்லை, கவுனில்—துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"நான் குடுத்தது மேன். உன் பொண்டாட்டி எனக்கு நாலு ஃபிராக் ஓரம் மடிச்சு ஹெம் அடிச்சுக் குடுத்தா. கூலி வாணாம், டிக்கெட்டு குடுன்னா. 'எங்கூட்டுக்காரரு வரமாட்டாரு ஆன்ட்டி, நான் இட்னுதான் வரணும்'ன்னா."

அட்டையைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அன்னிக்கு வாசல்ல உன்னத் திருப்பி அனுப்பினாங்களாமே? நான் அன்னிக்கு சிஸ்டர் வீட்டுக்குப் போயிட்டேன். நான் இருந்தா விட்டிருப்பேன் மேன்."

இந்த மாதமே வருகிறேன் என்றேன். ஏசு உயிர்த்தெழும் நாள் வரைக்கும் டான்ஸ் கிடையாது, நோன்பு தொடங்குகிறது என்றாள். உயிர்த்தெழும் நாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை, மகாபலிபுரம் கடற்கரையில் காலனிக்காரர்களின் பிக்னிக். நைட் மெயில் வரும். அங்கே கதவும் இல்லை, ஜோடிக் கணக்கும் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள். மகாபலிபுரம்

லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் உப்புக் காற்று.

கோயிலுக்குத் தெற்கே சவுக்குத் தோப்பு ஓரம் லாரி. லாரி பேட்டரியில் ஆம்பிளிஃபயர், ஒரே ஒரு மைக். ஐந்து பேர். முதல் தடவை முகங்களைப் பார்க்கிறேன். ஒரு வருஷமாக எனக்கு வெறும் டும் டும் ஆக இருந்தவர்கள், நம் ஆட்கள்தான். கண்ணாடி போட்டவன் கிடார். ஒருத்தன் ஆள் உயரப் பிடிலை நிற்க வைத்து விரலால் மீட்டுகிறான், அதற்கு பேஸ் என்று பெயர். சாக்ஸபோன்காரன் ஒரு பாட்டில் மல்லாந்து மணலில் படுத்துக்கொண்டே ஊதினான், ஒரு சுரம் பிசகவில்லை. பெண்கள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஆடினார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த கிழவர்கள் கூட எழுந்து வந்து சிரித்துக்கொண்டு நின்றார்கள். டிரம் அடிப்பவன் அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறான். தோள் இரண்டும் வியர்வை. கடைசியில் ஒரு அடி அடித்து, கை இரண்டையும் தூக்கி நிறுத்தினான். சத்தம் சட்டென்று அறுந்தது. ரயில் பாலத்தைத் தாண்டியதும் சத்தம் மாறுமே, அந்த மாதிரி.

கீழே பார்த்தேன். என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. அதுவாக.

பதினாறு பாட்டு. எதுவும் பொன்னியின் பாட்டு இல்லை.

ஒன்று கவனித்தேன். வெட்ட வெளியில் பேஸ் சுத்தமாகக் கேட்கவில்லை. மைக் பாடுகிறவன் வாய்க்கு நேரே இருக்கிறது. காற்று மற்றதை அடித்துக்கொண்டு போகிறது. நாங்கள் சுவருக்கு வெளியே கேட்டது எதுவோ, அது இங்கே இல்லவே இல்லை.

முடிந்ததும் டிரம்காரனிடம் போனேன். பெயர் ஏசுபாதம். லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாம்.

"ஒரு பாட்டு. நீங்க வாசிப்பீங்க. பேரு தெரியாது."

"பாடிக் காட்டு அண்ணாத்த."

அத்தனை பேர் நடுவில் முனகினேன். முதல் வரி மட்டும். மூன்று தடவை. கிடார்காரனும் வந்து காது கொடுத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது எங்க பாட்டு இல்ல அண்ணாத்த. இம்மாம் மெதுவா நாங்க வாசிச்சா சனம் கல்லால அடிக்கும்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. இன்ஸ்டிடியூட்ல மாசாமாசம் கேட்டிருக்கேன்."

"மூணு வருசமா அடிச்சுகினு கீறேன், எனக்குத் தெரியாதா? ஆமா, யாரு பாடுனது இத?"

"வூட்ல."

"அவுங்களையே கேளேன்."

கேட்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் பயமாக இருந்தது. இப்போது முதல் வரியே சரிதானா என்று சந்தேகம். முனக முனகத் தேய்கிறது.

ஏப்ரல் 20

முனகுவதை நிறுத்திவிட்டேன். மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

அவளுக்கு ரேடியோ செய்து தருவதாகச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆணியில் தொங்கவிட்டிருந்த செட்டை முடித்தேன். வால்வு இரண்டும் எரிகின்றன. ரேடியோ சிலோன் வருகிறது. ராக் அண்டு ரோல் போட்டால் காதை ஒட்டி வைத்துக்கொள்கிறேன். இல்லை.

ஜூலை 13

இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

வருஷத் திதி. ஐயர் வந்தார், போனார். அக்கா நன்றாகச் சமைத்தாள். எல்லாம் முடிந்ததும், "ஒரு பொண்ண பாத்து வெச்சிருக்கேன், தை மாசத்துல முடிச்சுடலாம், வந்து பாருடா" என்றாள். நான் வெளியே போய்க் கை கழுவினேன். பின்னாலேயே வந்தாள்.

"இன்னும் அவ நெனப்பாவே கீறியா?"

"நெனப்பு இருந்தா பரவால்லயே அக்கா. அதான் போய்க்கினு கீது."

என் கையில் துண்டைக் கொடுத்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மூன்று மணிக்கு மார்கரெட் கதவைத் தட்டினாள். பச்சை கவுன், காதில் முத்து.

"டிக்கெட்டு எங்க மேன்? எடு."

"அது போன வருஷத்துது ஆன்ட்டி."

"டிக்கெட்டு கிழிக்கிறது நானு. எனக்குத் தெரியாதா? உன் பொண்டாட்டி நாலு ஹெம் அடிச்சது சும்மாவா? கைய புடி. நீ ஜோடி, நான் ஜோடி. என் புருஷன் டூட்டில இருக்கான், அவனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அதே கோட்டுக்காரர் வாசலில். மார்கரெட் அந்த அட்டையை அவர் கண்ணுக்கு எதிரே நீட்டி, தானே பாதியாகக் கிழித்து, மறுபாதியை என் சட்டைப் பையில் போட்டாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே போனேன்.

காகிதத் தோரணம். மரத் தரை முழுக்கப் பவுடர். அறுபது எழுபது ஜோடிகள். நான் ஓரத்தில், ஜன்னல் பக்கம், நாற்காலியில். நைட் மெயில் மேடையில். ஏசுபாதம் என்னைப் பார்த்து டிரம் குச்சியைத் தூக்கிக் காட்டினான். ஆரம்பித்தார்கள். கூரை போட்ட ஹாலில் பேஸ் தரை வழியாக வருகிறது, நாற்காலி வழியாக முதுகில் ஏறுகிறது. இதற்கு மேல் கிடார், அதற்கு மேல் சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் குரல். எவ்வளவு இருக்கிறது உள்ளே! எவ்வளவு கேட்காமல் போனாள்!

ஆறாவதோ ஏழாவதோ பாட்டு. பேஸ்காரன் தனியாகத் தொடங்கினான். டும்—டும்டும்—டும். எழுந்து நின்றுவிட்டேன். இதுதான். சந்தேகமே இல்லை, நாலு மாதம் சுவரில் துடித்தது இதுதான். மார்கரெட் திரும்பிப் பார்த்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

பிறகு பாட்டு வந்தது. வேறு பாட்டு. வேகமாக, குதித்துக்கொண்டு, ஏதோ காரைப் பற்றி, ஒரு பெண்ணைப் பற்றி. நல்ல பாட்டுதான். எல்லாரும் கத்தினார்கள். பொன்னி முனகியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் என்ன படித்தேன்? மேல் சுரத்தையெல்லாம் சுவர் தின்றுவிடும், கீழ் சுரத்தை மட்டும் வெளியே விடும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் உள்ளேயும் வெளியேயும் ஒண்ணுதான் என்று சொன்னேன், உள்ளே போவதற்கு எனக்குக் கூச்சம். அவளுக்கு வந்து சேர்ந்தது டும் டும் மட்டும். பாட்டு அவளுக்குக் கேட்கவே இல்லை.

அப்ப அவ பாடுனது?

மார்கரெட்டிடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின் பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டி அப்படியே இருந்தது. பாட்டு முடியவில்லை, இன்னும் போய்க்கொண்டிருந்தது. சுவரில் காதை வைத்தேன். வெயில் பட்டுச் சூடாக இருந்தது. காரும் இல்லை, பெண்ணும் இல்லை, சாக்ஸபோனும் இல்லை. டும்—டும்டும்—டும்.

முதல் வரி வந்தது. அது முடிந்த இடத்தில் இரண்டாவது வரி வந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அதே இடத்தில் நின்று இழுத்துக்கொண்டு, பேஸ் திரும்பி வரும்வரை காத்திருக்கிறது. அதைத்தான் நான் பத்து மாதத்துக்கு மேல் வேறெங்கெல்லாமோ தேடினேன். மூன்றாவது வரி கூட இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

பேண்டு நிறுத்தும் வரைக்கும் அங்கேயே நின்றேன். வெளியே வந்த மார்கரெட் என்னைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினாள்.

"காதுல சுண்ணாம்பு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காதை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

மதுராந்தகத்துக்கு டிராலி. ஏரி நிரம்பி வழிகிறது. வரதன் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். பசித்தது. ஸ்டேஷனில் இட்லி வாங்கித் தின்றோம், சட்னியில் உப்பு தூக்கல்.

திரும்பும்போது வரதன் என் முதுகைத் தட்டினான்.

"இன்னா சார், வயி பூரா பாடிக்கினே வர்றீங்க? எந்தப் படத்துல வர்றது?"

"படத்துல இல்ல."

"பின்ன, ரேடியோவா? அந்த சட்டக்காரங்க பேண்டா?"

"எங்கூட்டுப் பாட்டு வரதா."