மருமகளின் மூன்று வருசமும் ஆவணி மண்டபமும்

ஏப்ரல் 24, வெள்ளி

விடிய முதலே மழை. கராஜ் ஓரத்தில் கடைசிப் பனி, கறுத்துப்போய், கரையமாட்டேன் என்று கிடக்கிறது. மரக்கறிச் சமையல். பூசணி, பயித்தங்காய், பருப்பு.
வாங்க: தேங்காய்ப்பூ, வெங்காயம், என் பிரஷர் குளிசை.

மருமகளுக்குக் கொலிச்சில் இடம் கிடைத்துவிட்டதாம். நேர்ஸ் படிப்பு, மூன்று வருசம். சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது சொன்னாள். மகன் குகன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டான்.

"இந்த வயசிலயோ, வதனி?"

"முப்பத்தெட்டு ஒரு வயசே?"

"மூண்டு வருசச் சம்பளம். ஆர் தாறது?"

"படிப்புக்கெண்டு பெரிசாக் காசு கேக்கேல்லை. பேருக்குக் கொஞ்சம் கட்டவேணும். புத்தகம், உடுப்பு, சப்பாத்து. சனி ஞாயிறு நான் வேலைக்குப் போவன்."

"அப்ப வீட்டுக்கடன்?"

அவள் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "மண்டபத்துக்கு வைச்ச காசு கிடக்குத்தானே."

எனக்குப் புரைக்கேறியது. தண்ணீர் எடுத்துத் தர ஒருவரும் எழும்பவில்லை.

பேத்தி அபி போன ஐப்பசியில் பெரியபிள்ளை ஆனாள். வீட்டோடு தண்ணீர் வார்த்தோம். ஆவணியில் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கைப் பெரிதாகச் செய்வது என்று பேச்சு. சாப்பாட்டுக்கும் சோடனைக்கும் மகன் சேர்த்து வைத்திருக்கிறான். முற்பணம் நான் கட்டியது, என் பென்ஷனில். அது பற்றி ஒரு சொல் இல்லை.

கொலிச்சுக்கு அடுத்த வியாழனுக்குள் பதில் சொல்லவேண்டுமாம்.

ஏப்ரல் 25, சனி

மழை விட்டது. காற்று. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் புல்லைக் கூட்டுகிறான், புல் இன்னும் முளைக்கவேயில்லை.

குகன் போனில் தட்டித் தட்டிக் கணக்குப் பார்த்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன், காது அங்கேதான்.

"முடிச்சால் மணிக்கு எவ்வளவு கூட?"

"இப்ப எடுக்கிறதைவிட அரைவாசி கூட எண்டு வையுங்கோ. பிறகு வருசா வருசம் ஏறும். என்ர இப்பத்தைச் சம்பளம் ஏறுதே?"

"ஆஸ்பத்திரியள் இப்ப யூனிவேர்சிற்றிப் பட்டம் கேக்கிறாங்களாம்."

"கேக்கட்டும். மூண்டு வருசத்தோட சோதனை எழுதி வேலைக்குப் போகலாம். மிச்சத்தை வேலை செய்துகொண்டு படிக்கலாம்."

"விட்ட சம்பளத்தை மீட்கவே ஆறேழு வருசம் போகும்."

"மீட்டாப்பிறகும் நான் உழைப்பன்தானே. அந்த வருசங்களை ஏன் தட்டேல்லை?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "பிள்ளையை அம்மா பாத்துக்கொள்ளுவா. சமையலும் அம்மா. அதுக்குச் செலவில்லை" என்றான்.

செலவில்லை. நான் இந்த வீட்டில் சைபர். என் மனுசன் இருந்த காலத்திலும் சைபர்தான். ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நானும் ஒரு கணக்குச் சொன்னேன். அஞ்சாம் வகுப்போடு நிற்பாட்டினவள்தான், அதற்காக வாய் இல்லையா? தையல் பக்டரியில் முதுகு ஒடிந்த காலத்திலிருந்து இந்த ஊரில் எத்தனை சாமத்திய வீடு, எத்தனை கலியாணம். ஒன்றுக்கும் வெறுங்கையோடு போகவில்லை. என்வலப்பில் வைத்துக் கொடுத்த காசு எல்லாம் மற்றவர்கள் வீட்டில் கிடக்கிறது. அபியின் விசேசத்தில்தான் அது திரும்பி வரவேண்டும். வேறு வழியில் போய்க் கேட்க முடியாது. மண்டபத்தை நடத்துவோம், வருகிற என்வலப்பில் மருமகள் படிக்கட்டும்.

குகனுக்கு முகம் வெளித்தது. "அம்மா சொல்லுறது சரி."

வதனி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "மாமி, நாலு பேர் மனம் வைச்சால்தான் நான் படிக்கலாம் எண்டுறியள்."

"நாலு பேர் இல்லைப் பிள்ளை. முந்நூறு பேர்."

அபி தலையைத் தூக்கி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். என்ன என்றேன். குகன் சொல்லவில்லை. அவளே தமிழில் சொன்னாள்: "எனக்கு வெக்கம், அப்பம்மா. எல்லாருக்கும் முன்னால அதைச் சொல்லுறது." பன்னிரண்டு வயது. வெட்கம் தெரிகிற வயதுதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். கோயில். குகன் இறக்கிவிட்டுப் போனான். பொங்கல் குழைந்துவிட்டது, உப்பும் இல்லை.

பவளத்தைக் கண்டேன். அவளுக்கு மூன்று பெண். மூன்றுக்கும் சாமத்தியம், இரண்டுக்குக் கலியாணம். ஒவ்வொன்றுக்கும் நான் கொடுத்தேன். மூன்றாவதுக்கு எனக்கு வேலை போயிருந்த நேரம், கடன்பட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, ஆவணியிலயோ பேத்தியின்ர விசேசம்? ஐயோ, நாங்கள் ஊருக்குப் போறம். ரிக்கெட் போட்டாச்சு."

"எல்லாருமோ?"

"குடும்பத்தோட. குறை நினையாதேங்கோ, பேத்தியின்ர கலியாணத்துக்குச் சேர்த்துச் செய்வம்."

அபிக்குக் கலியாணம் ஆகிறபோது நான் எங்கே, பவளம் எங்கே.

"மருமகள் படிக்கப்போறாவாம் எண்டு கேள்வி. இந்த வயசில தேவையோ அக்கா? உங்களுக்கெல்லோ கரைச்சல்."

கதை எப்படி இவ்வளவு கெதியாகப் போயிற்று? "இன்னும் முடிவில்லை" என்றேன். எனக்குப் பிடிக்காத படிப்புத்தான். ஆனாலும் பவளம் அதைச் சொன்னது பிடிக்கவில்லை.

குகனின் காரில் வரும் வழியில் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். தையல்கடை ராணி செத்துப்போனாள். அவளின் பிள்ளைகள் என்னை அறியமாட்டார்கள். செல்வம் வீட்டார் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார்கள். கர்க்லாண்டில் பெரிய வீடு வாங்கினவர்கள் இப்போது கண்டும் காணாத மாதிரி. சின்னத்தம்பி அண்ணைக்கு மறதி வந்துவிட்டது, என்னையே யார் என்று கேட்டார். முந்நூறு என்றேன். கார் வீட்டு வாசலில் நிற்கிறபோது பாதிகூட மிஞ்சவில்லை.

குகன் கேட்டான், "ஏனம்மா பேசாமல் வாறியள்?"

"பொங்கலில உப்பில்லை."

ஏப்ரல் 27, திங்கள்

முழங்கால் நோவு. மழை வரும்போல.

வதனி நாலரைக்கு வந்தாள். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லம் இல்-பிசாரில். தீவு. இங்கே நாங்கள் இருக்கிற பியர்பொன்ட்ஸிலிருந்து கிட்ட என்றுதான் பெயர், பஸ்ஸுக்குக் காத்துநிற்கிற நேரத்தில் ஒரு பானை சோறு வேகும். வந்ததும் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

"என்ன, முதுகோ?"

"ஓம் மாமி. ஒரு கிழவி விழப் பாத்தா. தாங்கிப் பிடிச்சனான்."

"நேர்ஸ் நிண்டவவோ?"

"நிண்டவள். இருபத்திரண்டு வயசுப் பெட்டை. இதே மூண்டு வருசப் படிப்புத்தான். நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், அவள் பிரஷர் பாத்து எழுதுறாள். அவள் எழுதினால்தான் டொக்டர் நம்புவார். அந்தக் கிழவிக்கு ரெண்டு நாளாத் தலைச்சுத்து எண்டு நான் சொன்னதை ஒருத்தரும் எழுதேல்லை."

அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கும் ஒரு வாத்தியார் இருந்தார். இவளை நிற்பாட்ட வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். தம்பிமார் படிக்கவேண்டும், வீட்டில் ஆள் வேண்டும் என்றார் அப்பா. அந்த ஆள் நான். தம்பிமார் படித்து என்ன கிழித்தார்கள். ஒருவன் லண்டனில், பிறந்தநாளுக்குக்கூடப் போன் இல்லை.

சரி. குளிசை போடவேண்டும்.

ஏப்ரல் 29, புதன்

நேற்று எழுதவில்லை. இன்றைக்கு நல்ல வெயில்.

யாருக்கும் சொல்லாமல் மண்டபத்துக்குப் போனேன். இரண்டு பஸ் மாறினேன், ஒன்றில் தப்பான பக்கம் ஏறி இறங்கினேன். டிரைவரிடம் "பொன்ஜூர்" என்று சொல்லி விலாசத்தைக் காட்டினேன், நல்ல மனுசன்.

மண்டபக்காரத் தம்பி நம்மவன். தங்கச் சங்கிலி, தொந்தி.

"முற்பணம் திருப்பித் தாறேல்லை அம்மா. வேணுமெண்டால் தேதி மாத்தலாம்."

"மாத்து. மூண்டு வருசத்துக்குப் பிறகு."

"மூண்டு வருசமோ? பேத்திக்கு அப்ப பதினைஞ்சு. ஆரம்மா அப்ப சாமத்தியம் செய்யிறது?"

"பேத்திக்கில்லை. மருமகளுக்கு."

"மருமகளுக்கு என்னம்மா சடங்கு?"

"நேர்ஸாப் படிச்சு முடிக்கிறா."

வாயைத் திறந்துகொண்டு இருந்தான். "படிச்சதுக்கு ஆரும் மண்டபம் எடுக்கிறதோ? அவ்வளவு தூரத்துக்கு நான் புக்கிங் எழுதுறேல்லை. விலையும் ஏறும்."

"ஏறட்டும். அவவின்ர சம்பளமும் ஏறும்."

கடைசியில் முற்பணம் கட்டியிருக்கிறது என்று துண்டுச் சீட்டு எழுதித் தந்தான். கையெழுத்து வாங்கினேன். ஊருக்குப் போகிறவர்கள் அதற்குள் திரும்பி வந்துவிடுவார்கள். பவளத்துக்கு முதல் அழைப்பு. வெறுங்கையோடு வரட்டும் பார்ப்போம்.

வீட்டில், "எங்க போனனீங்கள்?" என்றாள் வதனி. கால் ஆற நடந்தேன் என்றேன். மண்டபம் இல்லை, அந்தக் காசை எடு என்று மட்டும் சொன்னேன். அவள் கண் கலங்குகிற மாதிரி வந்தது. அதைப் பார்க்க எனக்கு ஏலாது. கறி அடிப்பிடிக்குது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் கறியே இல்லை.

ஏப்ரல் 30, வியாழன்

தூறல். வெங்காயம் இன்னும் வாங்கவில்லை.

வதனி கொலிச்சுக்கு ஓம் என்று அனுப்பிவிட்டாள். அபி துள்ளினாள். படிப்புக்கோ, மண்டபம் போனதுக்கோ தெரியாது.

குகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான். பிறகு மெல்ல: "சனி ஞாயிறு இவ வேலைக்குப் போனால் அம்மா தனியச் சமாளிப்பியள்தானே?"

"திங்கள் தொடக்கம் வெள்ளி நான். சனி ஞாயிறு நீ."

"எனக்குச் சமைக்கத் தெரியாதம்மா."

"மூண்டு வருசம் கிடக்கு. நீயும் படி."